ரிலேட்டிவ் கிளாஸில் (ஹூ, விச் என்று தொடங்கும் துணை வாக்கியத்தில்) ‘மஸ்ட் ஹேவ்’ வருமா, ‘ஷுட் ஹேவ்’ வருமா? எஸ்பிஎம் கட்டுரைக்கு உதவி தேவை

சுங்கை சிப்புட் அம்மா:

வணக்கம். மகள் இங்கே மலேசியாவில் ஐந்தாம் படிவம், இந்த வருஷம் எஸ்பிஎம் பள்ளியிறுதித் தேர்வு. ஆங்கில இரண்டாம் தாளில் கடைசியாக வரும் 200 முதல் 250 சொல் கட்டுரைக்குப் பழகிக்கொண்டிருக்கிறாள். குடும்பத்தில் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னதும் என் தாத்தாவைப் பற்றி எழுதினாள். அவர் எல்ஃபில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1953இல் ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ரஜூலா கப்பலில் டிக்கெட் எடுத்தாயிற்று, பெட்டி கட்டியாயிற்று, அந்த நேரம் பார்த்துப் பாட்டி மாசமாகிவிட, பயணம் நின்றுபோனது. அப்புறம் அவர் ஊர்ப் பக்கமே போகவில்லை.

மகள் எழுதிய வாக்கியம் இது: “மை கிரேட் கிராண்ட்ஃபாதர், ஹூ மஸ்ட் ஹேவ் ரிடர்ன்ட் டு இந்தியா இன் 1953, ஸ்டேய்ட் இன் த எஸ்டேட்.”

மஸ்ட் ஹேவ் கீழே சிவப்புக் கோடு, விளக்கம் ஒன்றும் இல்லை. ‘திரும்பியிருக்க வேண்டும்’ என்றுதானே எழுதினேன், மஸ்ட் என்றால் வேண்டும்தானே என்று கேட்கிறாள். தாத்தா ஒருத்தர்தானே, ‘ஹேஸ்’ வர வேண்டாமா என்று வேறு சந்தேகம். வருஷம் போட்டால் ‘ஹேவ்’ வரக்கூடாது என்றும் பள்ளியில் படித்திருக்கிறாளாம். நான் மலாய் வழியில் படித்தவள், இந்த அளவுக்கு இலக்கணம் சொல்லித்தர எனக்கு வராது. யாராவது கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற ஆங்கில டீச்சர்:

மகள் யோசித்ததில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். தமிழில் ‘போயிருக்க வேண்டும்’ என்ற ஒரே வடிவம் இரண்டு வேலை பார்க்கிறது. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தால் ‘கோயிலுக்குப் போயிருக்க வேண்டும்’ என்கிறோம். அது ஊகம், போய்விட்டார்கள் என்றே நம்புகிறோம். காய்ச்சலோடு கிடப்பவரிடம் ‘நேற்றே டாக்டரிடம் போயிருக்க வேண்டும்’ என்கிறோம், அங்கே ஆள் போகவே இல்லை. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல். ஊகத்துக்கு மஸ்ட் ஹேவ், செய்யாமல் விட்டதற்கு ஷுட் ஹேவ். அதனால் மகளின் வாக்கியத்தைப் படிப்பவருக்கு ‘தாத்தா 1953இல் நிச்சயம் இந்தியா திரும்பியிருப்பார்’ என்றுதான் கிடைக்கும், உடனே பின்னாலேயே ‘தோட்டத்தில் தங்கினார்’ என்றும் வருகிறது. ஒன்றை ஒன்று அடிக்கிறது, சிவப்புக் கோடு அதற்குத்தான்.

தமிழை வைத்தே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்த வினையைப் பெயரெச்சமாக மாற்றி, பெயருக்கு முன்னால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘திரும்பியிருக்க வேண்டிய தாத்தா’ என்றால் திரும்பவில்லை என்ற பொருள் மட்டும்தான் வருகிறது, ஊகம் தானாகக் கழன்றுவிடுகிறது. இப்படி ‘வேண்டிய’ பொருந்தி வந்தால் ஷுட் ஹேவ் பக்கம் போகலாம். பொருந்தாமல் ‘திரும்பியிருப்பார் என்று நாம் நினைக்கிற’ என்று சுற்றிச் சொல்ல வேண்டி வந்தால் அது மஸ்ட் ஹேவ்.

எதிர்ப்பக்கமும் மகளுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அங்கே தவறினால் பொருள் மிக மோசமாகிவிடும். 1942, 43இல் ஜப்பான்காரன் காலத்தில் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுபோனார்கள், பலரைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. அவர்களைப் பற்றி எழுதும்போது “த மென் ஹூ மஸ்ட் ஹேவ் டைட் ஆன் த ரயில்வே” என்றால், அங்கே இறந்துதான் போயிருப்பார்கள் என்ற துயரமான ஊகம். அதே இடத்தில் ஷுட் ஹேவ் போட்டால் அவர்கள் சாகத்தான் வேண்டும், தப்பிவிட்டார்களே என்பது போல ஆகிவிடும். குடும்பக் கதை எழுதும் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த விஷயத்தைத் தொடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஹேஸ் பற்றிக் கேட்டீர்கள். மஸ்ட், ஷுட், குட், மைட், வுட் இவற்றுக்குப் பின்னால் எப்போதும் ஹேவ்தான், ஒருவர் ஆனாலும் பலர் ஆனாலும், முன்னால் ஹூ வந்தாலும் விச் வந்தாலும். வருஷம் பற்றிய விதி இங்கே செல்லாது. “ஹி ஹேஸ் ரிடர்ன்ட் இன் 1953” தவறு, “ஹி ஷுட் ஹேவ் ரிடர்ன்ட் இன் 1953” சரி. மஸ்ட், ஷுட் போன்ற மோடல் வினைக்கு (துணை வினைக்கு) இங்கே வேறு வழியில் இறந்தகாலம் காட்ட முடியாது, அந்த ஹேவ்தான் காலத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, அதனால் யெஸ்டர்டே, லாஸ்ட் இயர் எது வேண்டுமானாலும் கூட வரலாம்.

இன்னொன்று. அந்தக் காலத்துப் பால்வெட்டுக்காரர்கள் விடியுமுன் எழுந்து நடந்தே ஆக வேண்டியிருந்தது என்று எழுத “ஹூ மஸ்ட் ஹேவ் வாக்ட்” போடக்கூடாது, “ஹூ ஹேட் டு வாக்”. கட்டாயம் இருந்தது, அதன்படி நடந்தும் விட்டது என்றால் ஹேட் டு.

செம்பனை மில் தம்பி:

டீச்சர் சொன்ன அந்தப் பெயரெச்ச வழி ரொம்ப நன்றாக இருக்கிறது. நான் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே மூயெட் (பல்கலைக்கழகத்துக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதத் தயாராகிறேன், வேலை இடத்து உதாரணம் வைத்துத்தான் எனக்கு மனசில் நிற்கும். செம்பனைக் குலையை வெட்டி 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கிவிடும். அதனால் “த பஞ்சஸ் தட் ஷுட் ஹேவ் ரீச்ட் த மில் யெஸ்டர்டே” என்றால் நேற்றே வந்திருக்க வேண்டிய குலைகள், வரவில்லை. “த பஞ்சஸ், விச் மஸ்ட் ஹேவ் பீன் கட் ஆன் ஃப்ரைடே, ஆர் டூ ஓல்ட்” என்றால் குலையின் நிலைமையைப் பார்த்து வெள்ளிக்கிழமை வெட்டியிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். இரண்டாவதில் ‘பீன்’ விட்டுப்போகக் கூடாது, குலை தானாக எதையும் வெட்டாது, வெட்டப்பட்டது.

பலர் எழுதுவதில் நான் பார்க்கும் இன்னொரு சிக்கல், “த பஞ்சஸ் தட் தே ஷுட் ஹேவ் சென்ட் தெம் யெஸ்டர்டே” என்று கடைசியில் ஒரு ‘தெம்’ ஒட்டிக்கொள்வது. முன்னால் வந்த ‘தட்’தான் அந்தக் குலைகள், திரும்ப வேண்டாம். வாக்கியம் நீளமாகி நடுவில் ஷுட் ஹேவ் எல்லாம் வந்ததும் முன்னால் சொன்னது மறந்துபோகிறது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஈப்போவிலிருந்து ஒருவர்:

டீச்சர் விளக்கம் முழுக்க சரி, ஆனால் இந்தத் தாத்தாவுக்கு ஷுட் ஹேவ் போடுவதை நான் ஏற்கவில்லை. “ஹூ ஷுட் ஹேவ் ரிடர்ன்ட்” என்றால் திரும்பாதது தப்பு, திரும்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற குறை தொனிக்கிறது. கொள்ளுப்பேத்தி அப்படியா நினைக்கிறாள்? டிக்கெட் எடுத்து ஏற்பாடு செய்து பிறகு நடக்கவில்லை என்றால் “ஹூ வாஸ் சப்போஸ்ட் டு ரிடர்ன் டு இந்தியா இன் 1953” போதும், யார் மீதும் குறை இல்லை. பாட்டிதான் காரணம் என்று காட்ட வேண்டுமானால் வுட் ஹேவ் இருக்கிறது: “ஹூ வுட் ஹேவ் ரிடர்ன்ட் இஃப் மை கிரேட் கிராண்ட்மதர் ஹேட் நாட் பீன் எக்ஸ்பெக்டிங் அ சைல்ட்”. இஃப் பக்கத்தில் ஹேட், இந்தப் பக்கத்தில் வுட் ஹேவ். இஃப் பக்கத்திலும் வுட் ஹேவ் போடுகிற பழக்கம் நம் பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது, பரீட்சையில் அதைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

சுங்கை சிப்புட் அம்மா:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மகளிடம் மூன்றையும் படித்துக் காட்டினேன். தாத்தா திரும்பாதது குறை இல்லை என்று உடனே சொன்னாள், அவர் திரும்பியிருந்தால் நாங்கள் யாருமே இங்கே இல்லை. வுட் ஹேவ்தான் எடுத்துக்கொண்டாள். அது நீளமாக இருக்கிறதே, கமா எங்கே முடிப்பது என்று கேட்கிறாள். ‘குட் ஹேவ்’ போட்டால் என்ன ஆகும் என்றும் கேட்கிறாள்.

ஓய்வு பெற்ற ஆங்கில டீச்சர்:

ஈப்போக்காரர் சொன்னது எனக்கும் பிடித்திருக்கிறது, தொனி என்று பார்த்தால் வுட் ஹேவ்தான் இந்தக் கதைக்கு நெருக்கம். கமா ‘ஃபாதர்’ பின்னால் ஒன்று, ‘சைல்ட்’ பின்னால் ஒன்று, அப்புறம் ‘ஸ்டேய்ட்’. யாரைச் சொல்கிறோம் என்பது முன்னமே தெரிந்துவிட்டதால் கமா கட்டாயம், கமா போட்ட இடத்தில் ஹூவுக்குப் பதில் தட் வரக்கூடாது. தோட்டத்துத் தொழிலாளர்களில் எவர் என்று பிரித்துக் காட்டும்போதுதான் கமா இல்லாமல் எழுதுவோம், “த வொர்க்கர்ஸ் ஹூ குட் ஹேவ் லெஃப்ட் டிட் நாட் லீவ்” மாதிரி. போகக்கூடிய வசதி இருந்தவர்கள் மட்டும், எல்லோரும் இல்லை.

குட் ஹேவ் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டியது. “த மேன் ஹூ குட் ஹேவ் சேவ்ட் ஹிம்” என்றால் காப்பாற்ற முடிந்தும் காப்பாற்றவில்லை. “த மேன் ஹூ குட் ஹேவ் டேக்கன் த கீ” என்றால் ஒருவேளை அவர்தான் சாவியை எடுத்தாரோ என்ற சந்தேகம், எடுத்தாரா இல்லையா தெரியாது. வடிவம் ஒன்றுதான், முன்பின் வாக்கியங்கள்தான் சொல்லும். சந்தேகத்தைத் தெளிவாகக் காட்ட மைட் ஹேவ் பாதுகாப்பானது. தாத்தாவுக்கு “ஹூ குட் ஹேவ் ரிடர்ன்ட்” போட்டால் வாய்ப்பு இருந்தது, அவரே வேண்டாம் என்று விட்டார் என்ற பொருள் மேலே வரும். அதுதான் உண்மை என்றால் அதையே எழுதலாம், தாத்தா மனசில் என்ன இருந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

செம்பனை மில் தம்பி:

ஒரு கேள்வி டீச்சர். எஸ்பிஎம் மூன்றாம் தாள் பேச்சுத் தேர்வில் இதையெல்லாம் முழுசாக உச்சரிக்க வேண்டுமா? கேட்கும்போது எல்லோரும் ‘ஷுடவ்’, ‘வுடவ்’ என்றுதானே சொல்கிறார்கள். தங்கச்சி அதையே ‘ஷுட் ஆஃப்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஓய்வு பெற்ற ஆங்கில டீச்சர்:

பேசும்போது ஷுடவ் சரிதான் தம்பி, சேர்த்துச் சொல்வதுதான் இயல்பு, அதற்காகப் பிள்ளைகள் தயங்க வேண்டாம். எழுத்தில் மட்டும் ‘ஆஃப்’ எங்கேயும் கிடையாது, ஹேவ் என்று முழுசாக எழுத வேண்டும். தங்கச்சியை அந்த வாக்கியத்தைக் கேள்வியாக மாற்றச் சொல்லுங்கள், “ஷுட் ஹி ஹேவ் கான்?” என்று வரும்போது ஹேவ் தனியாகக் காதில் விழும்.