மறு: 'ரீபெயின்ட்' என்பதற்குப் 'பின்திருத்தம்' சரியா?

> 'மறுவரைவு' போதாதா? மூலத்தில் பெயின்ட் இருப்பதால் 'மறுதீட்டல்' இன்னும் நெருக்கம்.

மூலச் சொல்லுக்கு நெருக்கம்தான் ஐயா, பொருளுக்கு அன்று. சந்தை விலையைப் படமாக வரையும் மென்பொருள் எதுவானாலும் விலை அசையும்போதெல்லாம் திரையை மறுபடி வரைந்துகொண்டுதான் இருக்கும். கேண்டில் (ஒரு கால அளவின் விலை நகர்வைக் காட்டும் பட்டை) முடியும்வரை, விலையிலிருந்து கணக்கிடப்படும் ஆர்.எஸ்.ஐ. போன்ற குறிகாட்டி 68, 71, 69 என்று ஆடுவதும் இயல்பு. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு: முடிந்துபோன கேண்டிலில் காட்டிய குறியைப் பிறகு சத்தமில்லாமல் மாற்றிவிடும் வேலைக்கு. நேற்று 'வாங்கு' என்று காட்டிய அம்பு இன்று அங்கே இருக்காது. இரண்டு கேண்டில் தள்ளி, சரியாகப் பள்ளத்தின் அடியில் போய் நிற்கும். பழைய வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் குறிகாட்டி தீர்க்கதரிசி. அப்படியொரு இலவசக் குறிகாட்டியை மூன்று வாரம் நம்பியவன் நான். இந்த மடலில் கொஞ்சம் கோபம் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு முடித்த பேரேட்டில் பழைய தேதியில் கைவைப்பதற்கு ஒப்பான செயல் இது. அதனால்தான் 'பின்திருத்தம்' என்கிறேன். வினையாகவும் வளைகிறது: 'இந்தக் குறிகாட்டி பின்திருத்துகிறது', 'பின்திருத்தாக் குறிகாட்டி'. 'மறுதீட்டல்' என்பதை எதிர்மறையாக்கிப் பாருங்கள், வாய் நோகும்.

> மென்பொருள் தேர்ந்தெடுப்பவருக்கு இந்தச் சொல் எதற்கு?

அவருக்குத்தான் முதலில் வேண்டும். விலையின் பெரிய ஏற்ற இறக்கங்களை மட்டும் இணைக்கும் ஜிக்ஜாக் கோட்டின் கடைசி முனை, விலை மேலும் ஏறினால் தானும் நகரும். இதுபோல எதிர்கால விலையைத் தொடும் வாய்பாட்டைச் சோதித்தால் அமிபுரோக்கர் மென்பொருள் எச்சரிக்கை தருகிறது. டிரேடிங்வியூ வரைபடத் தளத்தில் பல ஸ்கிரிப்டுகளின் மூலநிரலைத் திறந்து படிக்கலாம். மெட்டாடிரேடர் மென்பொருளுக்கு வெளியிலிருந்து வரும் குறிகாட்டி மூலநிரல் இல்லாமல் இயங்குகோப்பாக மட்டும் கிடைத்தால், நேரலையில் ஓடவிட்டு, அம்பு தோன்றிய உடனே திரையைப் படம்பிடித்து, மறுநாள் ஒப்பிடுவதே வழி. மென்பொருள் தேர்வுக் கையேட்டில் 'பின்திருத்தச் சோதனை' என்று ஒரு தலைப்புப் போட்டால் இவ்வளவும் அதற்குள் அடங்கும்.

> இச்சிமோக்கு குறிகாட்டியின் சிக்கோ கோடும் பின்னால்தானே வரையப்படுகிறது?

நல்ல மடக்கு. ஆனால் அது முடிவு விலையை 26 கேண்டில் பின்தள்ளி வரைவது மட்டுமே. முடிந்த கேண்டிலின் மதிப்பு மாறுவதில்லை. அதற்குப் 'பின்தள்ளல்' போதும்.

என்னை உண்மையில் மடக்குவது பில் வில்லியம்ஸ் என்ற வர்த்தகரின் ஃபிராக்டல் குறிகாட்டி. ஐந்து கேண்டிலில் நடுவில் உள்ளது மற்றவற்றைவிட உயர்ந்திருந்தால் அதன் மேல் குறி விழும். வலப்பக்கம் இரண்டும் முடிந்த பிறகே அது உறுதியாகும். உறுதியானபின் மாறாது, எனவே திருத்தம் அன்று. ஆனாலும் பழைய படத்தில் அந்த நேரத்திலேயே தெரிந்ததுபோல் உட்கார்ந்திருக்கும். 'தாமதக்குறி' என்றால் நகரும் சராசரியின் (கடைசிச் சில கேண்டில் விலைகளின் சராசரி) தாமதத்தோடு குழம்பும். 'பின்குறிப்பு' என்று எழுதிப் பார்த்தேன். அது கடிதத்தின் அடியில் பி.கு. ஆகிவிட்டது. 'பின்னிடுகுறி' எப்படி? காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது. இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள், என்னுடையதை எடுத்துவிடுகிறேன்.