டைஆக்சைடா, ஈரொட்சைட்டா?

பிளஸ் ஒன் மாணவி:
தமிழ்வழியில் படிக்கிறேன். இலங்கை அறிவியல் பாடநூல் ஒன்று கைக்குக் கிடைத்தது. நாம் கார்பன் டைஆக்சைடு என்பதை அங்கே காபனீரொட்சைட்டு என்கிறார்கள், கார்பன் மோனாக்சைடு காபனோரொட்சைட்டு. எனக்கு ஈர், ஓர் உடனே புரிந்தது. நாம் ஏன் மோனோ, டை, ட்ரை என்று மனப்பாடம் செய்கிறோம்?

மதுரை ஆசிரியர்:
நாளைக்குக் கல்லூரியில் எல்லாமே ஆங்கிலம், அதனால்தான் அம்மா. டை, ட்ரை, டெட்ரா, பென்டா இப்போதே நாக்கில் பழகிவிட்டால் அங்கே தடுமாற மாட்டாய். இன்னொன்றும் இருக்கிறது. காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார். னோ, னீ, அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்று இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கொல்லும் வாயு. மற்றது நாம் வெளிவிடும் மூச்சிலேயே இருக்கிறது. இவ்வளவு நெருக்கமான பெயர்களை நான் வகுப்பில் வைக்க மாட்டேன்.

வடமராட்சி:
நான் இங்கே, இலங்கை வடமராட்சியில், விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சேர்த்து எழுதுவதுதான் சிக்கல் என்றால் காபன் ஈரொட்சைட்டு என்று பிரித்து எழுதலாம், சொல் கெடாது. உங்கள் டை, ட்ரை மட்டும் தூரமா? கந்தகத்தின் இரண்டு ஒட்சைட்டுகளைக் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்குச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். ஈரொட்சைட்டும் மூவொட்சைட்டும் காதில் ஒருநாளும் குழம்பாது.

உயிரெழுத்துக்கு முன் ஓர், ஈர். மெய்க்கு முன் ஒரு, இரு. ஈரொட்சைட்டு, ஆனால் இருகுளோரைட்டு. இந்த விதியைப் பிள்ளை தமிழ்ப் பாடத்திலேயே படித்துவிட்டது. நீங்களோ மோனோஆக்சைடு ஏன் மோனாக்சைடு ஆனது என்று தனியாக விளக்க வேண்டும். வேதிப் பெயர்களை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயுபிஏசியின் 2005 பரிந்துரைப்படி டெட்ரா, பென்டாவின் கடைசி உயிரெழுத்தை விடக் கூடாது, டெட்ராஆக்சைடு என்றே எழுத வேண்டும்; மோனாக்சைடு மட்டும் விதிவிலக்கு. ஆனாலும் பல நூல்களில் இன்னும் டெட்ராக்சைடுதான்.

மதுரை ஆசிரியர்:
காதில் குழம்பும் என்பது சரி. நானே டை, ட்ரை சொல்லும்போது விரலையும் காட்டுகிறேன். ஆனால் என் மாணவர்கள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது வேறு இடத்தில். கால்சியம் குளோரைடைக் 'கால்சியம் டைகுளோரைடு' என்று எழுதிவிட்டு வருகிறார்கள். தமிழ் எண் வைத்தால் அது 'இருகுளோரைடு' ஆகும், பிழை அப்படியேதான் இருக்கும்.

பிளஸ் ஒன் மாணவி:
சார், அங்கே ஏன் எண் வேண்டாம்? அதிலும் இரண்டு குளோரின் இருக்கிறதே?

மதுரை ஆசிரியர்:
கால்சியத்தின் மின்சுமை இரண்டு, குளோரைடுக்கு ஒன்று. இந்தக் கணக்கு ஒரே விதமாகத்தான் முடியும், சொல்லத் தேவையில்லை. நைட்ரஜனும் ஆக்சிஜனும் அப்படியில்லை. எலக்ட்ரானைப் பகிர்ந்துகொண்டு பல விகிதங்களில் சேரும். எண்ணைச் சொல்லாவிட்டால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது.

வடமராட்சி:
விகிதம் சொன்னாலும் போதாது. நைத்திரிக் அமிலத்தில் செப்புத் துண்டு போட்டால் வரும் கபில (பழுப்பு) நிற வாயுவைக் குழாயில் அடைத்துப் பனிக்கட்டிக்குள் வையுங்கள். நிறம் வெளிறும். சுடுநீருக்கு மாற்றினால் திரும்பக் கறுக்கும். கபிலமாக இருப்பது ஒரு நைதரசன், இரண்டு ஒட்சிசன். குளிரில் இரண்டிரண்டு மூலக்கூறாகச் சேர்ந்து நிறமில்லாததாகிறது. விகிதம் இரண்டிலும் ஒன்றுக்கு இரண்டுதான். பெயரில் இருக்கும் எண்தான் இரண்டையும் பிரிக்கிறது. அந்த எண் பிள்ளைக்கு வெறும் ஓசையாக இருக்கலாமா? அதுதான் என் கேள்வி.

மதுரை ஆசிரியர்:
நல்ல சோதனை. (புகைபோக்கிப் பெட்டி இல்லாமல் யாரும் செய்ய வேண்டாம், அது நச்சு.) ஓசையாக இருக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் வாரம் ஈர், மூ, நால் என்று தொடங்கி, பிறகு டை, ட்ரைக்கு வருவேன். தேர்வுத்தாளில் மட்டும் டைதான். திருத்துகிறவருக்கு இரண்டு முறையும் தெரிந்திருக்கும் என்று நம்பி ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைப் பணயம் வைக்க மாட்டேன்.

வடமராட்சி:
தேர்வுக்காக என்றால் விடுகிறேன். மொழிக்காக என்றால் விடமாட்டேன்.

பிளஸ் ஒன் மாணவி:
அந்த நிறமில்லாத வாயுவுக்கு நோட்டில் இரண்டு பெயரும் எழுதிப் பார்த்தேன். டைநைட்ரஜன் டெட்ராக்சைடு, இருநைதரசன் நாலொட்சைட்டு. முதலில் டை, மோனோ எங்கே வரும் என்று குழம்பிக்கொண்டிருந்தேன். முன்னால் வரும் தனிமம் ஒன்றே ஒன்று என்றால் அதற்கு மோனோ போடுவதில்லை, அதனால்தான் 'மோனோகார்பன்' கிடையாது, சரிதானே?

மதுரை ஆசிரியர்:
சரி அம்மா. அடுத்து பாஸ்பரஸ் பென்டாக்சைடைப் பார். மூலக்கூறில் நான்கு பாஸ்பரஸ், பத்து ஆக்சிஜன். பெயர் மட்டும் பழைய எளிய விகித வாய்ப்பாட்டில் நின்றுவிட்டது. அதற்குச் சரியான பெயரை இரண்டு முறையிலும் எழுதி இங்கே போடு.