22 மாத மகன்: மத்தியான நித்திரையும் கிணற்றடியும்

கோண்டாவில் அம்மா:
வணக்கம். மகனுக்கு 22 மாதம். நான் காலை ஏழரைக்கு வேலைக்கு வெளிக்கிட்டால் மாலை ஐந்தரைக்குத்தான் வீடு. அதுவரை என் அம்மாதான் பார்க்கிறார். 67 வயது, முழங்கால் வருத்தம்.

காலை 6 மணிக்கு எழும்புவான். புட்டும் வாழைப்பழமும் பிசைந்து கொடுத்தால் கரைச்சல் இல்லாமல் சாப்பிடுவான். முன்பு 12 மணிக்குப் படுத்தவன் இப்போது 3 மணி வரை துள்ளுகிறான். அப்புறம் ஐந்தரை வரை அடித்துப்போட்ட மாதிரி நித்திரை. இரவு 11 மணிக்கும் கண் மூடுவதில்லை.

அதைவிடப் பெரிய பயம் கிணறு. கட்டு என் இடுப்பளவு உயரம், அது போதும் என்றுதான் இருந்தேன். போன கிழமை, கவிழ்த்து வைத்திருந்த வாளியில் ஏறி, கட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறான். அம்மா அந்த முழங்காலோடு ஓடிப்போய்த் தூக்கினார். அன்றிரவு முழுக்க நான் அவன் காலைப் பிடித்தபடியே படுத்திருந்தேன்.

தள்ளுவண்டி, பொட்டி (பிள்ளையை மலங்கழிக்க இருத்தும் குட்டி இருக்கை) எல்லாம் வாங்கச் சொல்கிறார்கள். எது உண்மையில் உதவும்?

சாவகச்சேரி அப்பா:
தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு. முதலில் கிணற்றை மூடுங்கள். எங்கள் வீட்டில் வெல்டிங் கடையில் சொல்லி, இரண்டு பாதியாகத் திறக்கிற இரும்புக் கம்பிவலை மூடி செய்வித்தோம். மோட்டர் குழாய்க்கு மட்டும் ஒரு வெட்டு. தண்ணீர் அள்ளியதும் பூட்டு. திறப்பு பெரியவர்களுக்கு மட்டும் எட்டும் உயரத்தில் தொங்கும்.

வாளியைக் கவிழ்த்தும் வைக்காதீர்கள், தண்ணீரோடும் வைக்காதீர்கள். கவிழ்த்தால் ஏறுவான், சின்னப் பிள்ளைக்கு வாளியில் கொஞ்சத் தண்ணீரே ஆபத்து. மரத்தில் ஆணி அடித்துக் கொழுவி விடுங்கள். குசினியின் பின்வாசலுக்கு ஒரு குட்டிப் படலையும் போட்டால், அம்மா ஓடவேண்டி வராது.

நல்லூர் அக்கா:
நித்திரைக்கு நான் சொல்கிறேன். நாளுக்குப் பதினைந்து நிமிடமாக முன்னே கொண்டுவாருங்கள். பன்னிரண்டரைக்குச் சோறு, ஒரு மணிக்கு யன்னல் சீலையை இழுத்துவிட்டுப் படுக்கை. மூன்று மணிக்கு எழுப்பிவிட வேண்டும், அழுதாலும் பரவாயில்லை. இந்த வயதில் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணித்தியாலம் தூங்கினால் போதும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

பகலிலும் நுளம்பு வலை போடுங்கள். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும். ஏணை இனி வேண்டாம், இந்த வயதில் எழும்பி நின்றுவிடுவார்கள். நிலத்தில் மெத்தை நல்லது. தள்ளுவண்டி எங்கள் ஒழுங்கை மணலில் உருளாது, காசை மூடிக்குப் போடுங்கள். பொட்டி வாங்கலாம், ஆனால் அவசரப்படுத்த வேண்டாம். சாப்பிட்டபின் ஐந்து நிமிடம் இருத்திப் பாருங்கள். மற்றது, கச்சான் முழுசாகக் கொடுக்கவேண்டாம் என்று அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள், தொண்டையில் சிக்கும்.

கோண்டாவில் அம்மா:
அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது. மூடி நேற்றுப் பூட்டியாயிற்று, வாளிகள் மாமரத்தில் தொங்குகின்றன. இன்று ஒன்று இருபதுக்கு நித்திரை, அம்மா மூன்று மணிக்கு எழுப்பினார், இரவு ஒன்பதுக்குள் படுத்துவிட்டான். பொட்டியில் மட்டும் தன் கரடிப் பொம்மையை இருத்தி வைத்திருக்கிறான், தான் இருக்கமாட்டானாம்.