புதுப்பிப்பு: வெங்காயத்தைக் கறுப்பாக்கிய நகிரி கத்தி (தீர்ந்தது)

ஜப்பானின் தோசா வட்டாரத்தில் ஒரு குடும்பப் பட்டறை அடித்த என் நகிரி (காய்கறி நறுக்கும் ஜப்பானியக் கத்தி), வெங்காயத்தைக் கறுக்க வைத்து இரும்பு வாடையும் ஏற்றுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, சூடான வினிகரால் கத்தியின் மேல் காப்புப் படலம் ஏற்றும் யோசனைதான். சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசையைப் போக்கி, வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, சாம்பல் நிறம் ஏறியதும் கழுவி உலர்த்தினேன். நிறம் சீராகும்வரை திரும்பத் திரும்பச் செய்தேன். இப்போது வெங்காயம் வெள்ளையாகவே இருக்கிறது, வாடையும் இல்லை. அதே படலத்துக்காகக் கடுகு விழுதைப் பூசியபோது நிறம் திட்டுத்திட்டாகத்தான் பிடித்தது; பார்க்க அம்மைத் தழும்பு மாதிரி.

எதிர்பாராத விஷயம்: வம்பு செய்தது நடுவிலுள்ள ஷிரோகாமி எஃகு (வெட்டும் விளிம்பாக அமையும் கடினமான கரிம எஃகு) அல்ல, இருபுறமும் ஒட்டிய மென்மையான இரும்பு. வெட்டும் விளிம்பு மட்டும் பட்ட காய் அவ்வளவாகக் கறுக்கவில்லை. பராமரிக்கச் சோம்பல் என்றால், பக்கங்களில் துருப்பிடிக்காத எஃகு வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், எலுமிச்சை நறுக்கினால் உடனே துடைத்துவிட வேண்டும். அது இன்னும் மாறவில்லை.