பியூகிளில் பட்டனே இல்லை, சுரம் எப்படி மாறுகிறது?

கொருக்குப்பேட்டை_பையன்:
போன வாரம் எங்கள் பக்கத்துத் தெருவில் ராணுவத்தில் இருந்த ஓர் அண்ணன் இறந்துவிட்டார், மூலக்கொத்தளத்தில் அடக்கம். நம்ம வடசென்னை ஏரியா சாவு எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, மேளம், பூ, பட்டாசு என்று தெருவே அதிரும். சுடுகாட்டு வாசலில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். ஒரு ஜவான் பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பை ஊதினார், அவ்வளவுதான், போதையில் ஆடிக்கொண்டு வந்தவர்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடியும் ஊதினார், அது மட்டும் கொஞ்சம் விறுவிறுப்பாக இருந்தது. துக்க வீட்டில் அது எதற்கு? அப்புறம், அந்தக் கருவியில் ஓட்டையும் இல்லை, பட்டனும் இல்லை, பிறகு சுரம் எப்படி மாறுகிறது?

வியாசர்பாடி_பழைய_என்சிசி:
தம்பி, முதலில் ஊதியது லாஸ்ட் போஸ்ட். அது சாவுக்கென்று பிறந்தது இல்லை. பிரிட்டிஷ் ராணுவ முகாமில் இரவு அதிகாரி காவல் இடங்களைச் சுற்றிப் பார்த்து முடித்ததும் ஊதுவது, அதாவது இன்றைய வேலை முடிந்தது, தூங்கலாம் என்று அர்த்தம். பிறகுதான் அடக்கத்துக்கு வந்தது. இரண்டாவதாகக் கேட்டது ரௌஸ், காலையில் எழுப்புவதற்கு ஊதுவது. தூங்கப் போனவன் மறுபடி எழுவான் என்ற நம்பிக்கைதான், அதனால் விறுவிறுப்பாக இருக்கும். நடுவில் 'சோக் சஸ்த்ர' என்று கட்டளை கொடுத்துத் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்திருப்பார்களே, கவனித்தாயா?

பெரம்பூர்_டிரம்பெட்:
சுரம் விஷயம் நான் சொல்கிறேன், கல்யாண பேண்டில் பதினாறு வருஷமாக ஊதுகிறேன். அது சுமார் நாலரை அடிக் குழாய், சுற்றி மடித்திருக்கிறார்கள். வேலை முழுக்க உதட்டில்தான். உதட்டை இறுக்கினால் மேலே போகும், தளர்த்தினால் கீழே வரும், ஆனால் நினைத்த இடத்தில் நிற்காது, குழாய் அனுமதிக்கிற படிகளில் மட்டும்தான் நிற்கும். நம்ம கணக்கில் சொன்னால் ச, ப, மேல் ச, க, ப. பெரும்பாலும் இந்த ஐந்தை வைத்துத்தான் மொத்தமும். ரி, ம, த, நி எதுவும் கிடையாது. டிரம்பெட்டில் தப்பு பண்ணினால் பேண்டு சத்தத்தில் மறைந்துவிடும், இதில் தனியாக நின்று ஊத வேண்டும், முதல் சுரம் பிசிறினால் சுடுகாடே திரும்பிப் பார்க்கும். நான் ஒருமுறை வாங்கி ஊதிப் பார்த்து எச்சில்தான் வந்தது.

எண்ணூர்_கடலோரம்:
அமெரிக்காவில் ஊத ஆள் கிடைக்காமல் 2003இல் பியூகிளுக்குள் சின்ன ஸ்பீக்கர் வைத்துவிட்டார்கள். பொத்தானை அமுக்கிவிட்டு வாயில் வைத்துக்கொண்டு நின்றால் போதும். எனக்கு என்னவோ பிடிக்கவில்லை.

வியாசர்பாடி_பழைய_என்சிசி:
எனக்கும்தான். ஆனால் ஊத ஆளே இல்லாமல் இறந்தவரை வழியனுப்புவதற்கு அது பரவாயில்லை. காசிமேட்டுக் கடற்கரையில் நாங்கள் ஊதிப் பழகியபோது வலை பின்னுகிறவர்கள் திட்டிய திட்டு இருக்கிறதே! வீட்டில் ஊதினால் அதைவிட மோசம். நேரில் கேட்க வேண்டும் என்றால் டிசம்பர் 16, விஜய் திவஸ் (1971 போர் வெற்றி நாள்) அன்று கோட்டைப் பக்கம் போர் நினைவுச்சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள், அந்தப் பக்கம் போய்ப் பார்.

கொருக்குப்பேட்டை_பையன்:
நன்றி அண்ணே. அன்றைக்கு வந்த மேளக்காரரிடம் இந்த ஐந்து சுரக் கதையைச் சொன்னேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை, "அந்த ஆள் மூச்சு எங்கப்பா வாங்கினார்?" என்று மட்டும் கேட்டார்.