தைராய்டு மாத்திரை போட்டும் டிஎஸ்ஹெச் இறங்கவில்லை, டோஸைக் கூட்டலாமா?

சேலத்து_மல்லி:
வயது 31, எடை 62 கிலோ. ஹாஷிமோட்டோ தைராய்டு (உடம்பின் ஆன்ட்டிபாடிகளே தைராய்டைத் தாக்கும் நோய்) என்று சொல்லியிருக்கிறார்கள், அந்த ஆன்ட்டிபாடியின் அளவான ஆன்ட்டி டிபிஓ 480. ஆரம்பத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்ட மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 14.2. தைரோநார்ம் 75 மைக்ரோகிராம் தொடங்கி இரண்டு மாதத்தில் 7.9 ஆனது, இப்போது மறுபடி 9.1. காலை 6:30க்கு மாத்திரை, பத்து நிமிஷத்தில் ஃபில்டர் காபி. 8 மணிக்கு டிபன் முடிந்ததும் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம். முடி கொட்டுவதற்கு பயோட்டின் 10 மில்லிகிராம். டாக்டர் 100 ஆக்கலாம் என்கிறார். கூட்டலாமா? ஆன்ட்டிபாடியைக் குறைக்க வழி இருக்கிறதா? கோஸ், முள்ளங்கி எல்லாம் நிறுத்த வேண்டுமா?

மருந்துச்சீட்டு:
கூட்டுவதற்கு முன்னால், மாத்திரை போடும் நேரத்தை இங்கே எழுதியபடியே டாக்டரிடமும் சொல்லுங்கள். 75 முழுதாக உடம்பில் சேர்கிறதா என்பதே சந்தேகம். காபி இந்த மாத்திரையில் உள்ள மருந்தான லெவோதைராக்ஸினைக் குடலில் சேரவிடாமல் குறைக்கும். இரும்பும் கால்சியமும் அதோடு ஒட்டிக்கொண்டு அப்படியே வெளியே கொண்டுபோய்விடும். அதற்குத்தான் நான்கு மணி நேர இடைவெளி. உங்களுக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருக்கிறது.

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மாத்திரை. காபிக்கு ஒரு மணி நேரம் பொறுங்கள், அரை மணி நேரமாவது கட்டாயம். கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடும் இரும்பை இரவிலும் வைத்துக்கொள்ளலாம். காலையில் காபியைத் தள்ளவே முடியாது என்றால் தைராய்டு மாத்திரையை இரவுக்கு மாற்றலாம்: 8 மணிக்குச் சாப்பாடு, 11 மணிக்கு மாத்திரை. அப்படிச் செய்தால் இரும்பு மாத்திரை இரவில் வேண்டாம், பகலுக்கு வந்துவிட வேண்டும்.

இப்படி ஒரே மாதிரி 6 முதல் 8 வாரம் போட்டபின் டெஸ்ட் எடுங்கள். இந்த மருந்தின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ ஒரு வாரம். ரத்தத்தில் அளவு நிலைக்கவும், அதற்குப் பிட்யூட்டரி பதில் சொல்லவும் அத்தனை நாள் பிடிக்கும். மூன்றாம் வாரமே பார்த்து டோஸை மாற்றினால் தப்புக் கணக்காகிவிடும். டோஸையும் கூட்டி, காபி இடைவெளியையும் ஒரே நேரத்தில் சரிசெய்தால் மருந்து மிஞ்சிப்போய்ப் படபடப்பு, தூக்கமின்மை வரலாம்.

அதே சமயம் டாக்டர் சொன்னது தவறான அளவு இல்லை. சுரப்பி முழுதாக ஓய்ந்துவிட்டால் தேவை கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம், 62 கிலோவுக்கு ஏறக்குறைய 100 வரும். நேரத்தைச் சரிசெய்தும் டிஎஸ்ஹெச் இறங்காவிட்டால் தயங்காமல் கூட்டுங்கள்.

பயோட்டினைக் கவனியுங்கள். பல லேப் கருவிகளில் அது டிஎஸ்ஹெச்சைப் பொய்யாகக் குறைத்தும், ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4ஐப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். அப்படியானால் உங்கள் உண்மையான டிஎஸ்ஹெச் 9.1ஐவிட அதிகமாகக்கூட இருக்கலாம். டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்த பிறகே தைராய்டு மாத்திரை.

கொங்குத்_தமிழன்:
ஃப்ரீ டி4உம் சேர்த்துப் பாருங்க. டிஎஸ்ஹெச் அதிகமா இருந்து ஃப்ரீ டி4 மேல்மட்டத்துல இருந்தா, நடுவுல மாத்திரை விட்டுப்போய், டெஸ்டுக்கு முந்தின சில நாள் மட்டும் ஒழுங்கா போட்டிருக்கலாம்னு அர்த்தம். பாட்டிலை அடுப்பு பக்கத்துல வைக்காதீங்க. சூடு, ஈரம், வெளிச்சம் மூணுமே இந்த மருந்தைக் கெடுக்கும். பிராண்டை மாத்தினா ஆறு வாரத்துல மறுபடி டெஸ்ட்.

ஆன்ட்டிபாடி எண்ணைத் துரத்தாதீங்க. நோய் எதுனால வந்ததுன்னு அது ஒருமுறை சொல்லியாச்சு. அது 480ல இருந்து 300 ஆனாலும் உங்க டோஸ் மாறப்போறதில்லை. அந்தக் காசுக்கு பி12 பாருங்க. ஹாஷிமோட்டோ இருக்கிறவங்களுக்கு வயித்துச் சுவரையும் அதே மாதிரி ஆன்ட்டிபாடி தாக்குறது உண்டு. அப்ப அமிலம் குறைஞ்சு இந்த மாத்திரையும் சரியா சேராது, பி12ம் சேராது. அமிலத்தைக் குறைக்கிற பான்டப்ரசோல் மாத்திரை தினமும் போடுறவங்களுக்கும் இதே சிக்கல்.

கோஸ், முள்ளங்கி வேகவெச்சு வழக்கம்போல சாப்பிடலாம். கெல்ப் மாதிரி கடல்பாசி மாத்திரைகள் மட்டும் வேண்டவே வேண்டாம், அளவு மீறின அயோடின் இந்தச் சுரப்பியை இன்னும் முடக்கும். அதுக்காக அயோடின் உப்பை விட்டுட்டு இந்துப்புக்கு மாறவும் தேவையில்லை.

சேலத்து_மல்லி:
மிக்க நன்றி. இரவு நேரத்துக்கே மாற்றிக்கொள்கிறேன், டாக்டரிடமும் சொல்கிறேன். அடுத்த வருடம் குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். அதற்கு முன் எவ்வளவுக்குக் கொண்டுவர வேண்டும்?

மருந்துச்சீட்டு:
டிஎஸ்ஹெச் 2.5க்குக் கீழே. அது வரும்வரை தள்ளிப்போடுவது நல்லது, முதல் மூன்று மாதம் குழந்தைக்கு உங்கள் ஹார்மோன்தான் போகிறது. கர்ப்பம் உறுதியானதும் தேவை 25 முதல் 30 சதவீதம் கூடும். வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதில் 9, அதாவது இரண்டு நாள் மட்டும் இரண்டிரண்டு, என்பது வழக்கமான முறை. இதை இப்போதே டாக்டரிடம் பேசி எழுதி வாங்கி வையுங்கள். அப்பாயின்ட்மென்டுக்காக இரண்டு வாரம் காத்திருக்க வேண்டி வராது. பிறகு பாதிக் கர்ப்பம்வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச், 30ஆம் வாரம் வாக்கில் இன்னொன்று. பிரசவம் ஆனதும் பழைய டோஸ், ஆறு வாரத்தில் டெஸ்ட். கர்ப்ப காலத்தில் இரும்பும் கால்சியமும் கட்டாயம் எழுதித் தருவார்கள். நான்கு மணி நேர இடைவெளி அப்போதும் அதேதான்.