புதுப்பிப்பு: ஒருபக்கம் இழுத்த சங்கிலி ரம்பம் இப்போது நேராக வெட்டுகிறது

என் ரம்பம் கட்டையை வெட்டும்போது இடப்பக்கம் வளைகிறது, தூளாகக் கொட்டுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். கார்புரேட்டரைத் திருகச் சொன்னார் ஒருவர். பல்லுக்கு முன்னால் நின்று வெட்டின் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் மேட்டை நன்றாக அராவிவிடுங்கள், வெண்ணெய் போல இறங்கும் என்றார் இன்னொருவர். அதற்குத்தான் விருப்பக்குறிகள் குவிந்தன.

மூன்றாமவர் பதில் சொல்லவில்லை, கேள்வி கேட்டார்: "கல்லில் பட்டதா? இரு பக்கப் பற்களும் ஒரே நீளமா?"

கழற்றிப் பார்த்தேன். வலப்பக்கப் பற்களின் முனை மழுங்கி வெள்ளையாக மின்னியது. கூர் மிகுந்த பக்கமாகத்தான் ரம்பம் இழுக்கும். எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு அராவினேன். இப்போது தூளுக்குப் பதில் சீவல் பறக்கிறது, வெட்டும் நேர்.

அந்த மேட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பல செயின்களுக்கு அது பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். மேலும் தாழ்த்தினால் பல் மரத்தை அளவுக்கு மீறிக் கடிக்கும், ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளும் ஆபத்து கூடும். அதைப் பரிந்துரைத்தவர் எந்தச் செயின் என்றுகூடக் கேட்கவில்லை. தயவுசெய்து உங்கள் செயினுக்கான கையேட்டின் அளவைப் பார்த்த பிறகே அரத்தை எடுங்கள்.